பசுவும் தென்னை மரமும் ஜாஸ் கிட்டாரும்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பிடித்து வைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. முடிந்தால் கடைசிவரை படியுங்கள். ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது. அது கடைசியில்தான் வருகிறது.

போன குளிர்காலம் முழுவதும் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், மகள் வீட்டில் இருந்தேன். மூத்த பேரன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அந்த ஊர்ப் பள்ளிகளில் ஜாஸ் இசைக்குழு என்று ஒன்று இருக்கிறது. நம் பள்ளிகளில் என்.சி.சி. இருந்ததுபோல. பேரன் அதில் கிட்டார் வாசிக்கிறான். வெளியே பனி, நடக்கப் போக முடியாது. எனக்கு வேலை டீ குடிப்பதும், கீழ்த்தளத்தில் அவன் பயிற்சி செய்வதைக் கேட்பதும்தான்.

அவன் பயிற்சி எப்படி இருக்கும் தெரியுமா? ஏழெட்டு ஸ்வரம் கொண்ட ஒரு சின்னத் துண்டு. அதையே நாற்பது தடவை. பிறகு கிட்டாரில் இரண்டு கட்டை மேலே போய் அதையே நாற்பது தடவை. டிசம்பர் முழுக்க மூன்றே மூன்று துண்டுகள்தான். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. காய் நறுக்கும்போது என் மகளும் அதையே முணுமுணுப்பாள்.

பிறகு பள்ளியில் நிகழ்ச்சி வந்தது. குடும்பத்தோடு போனோம். இசை ஆசிரியர் மைக்கைப் பிடித்து, "இப்போது இந்த மாணவர் சோலோ வாசிப்பார். இது முன்கூட்டியே எழுதப்பட்டது அல்ல, இந்த மேடையிலேயே உருவாவது" என்ற பொருளில் அறிவித்தார். சோலோ என்றால், மற்றவர்கள் தாளத்தையும் பின்னணியையும் பிடித்துக்கொண்டிருக்க ஒருவர் மட்டும் தனித்து வாசிப்பது. நம் கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, அதற்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் எழுந்து நின்று வாசித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் காது சும்மா இருக்குமா? டிசம்பர் மாதத்துத் துண்டு ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தது.

காரில் திரும்பும்போது வாத்தியார் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்டா, அங்கேயே உருவாகுதுன்னு உங்க சார் சொன்னாரு. நீ வீட்டுல மனப்பாடம் பண்ணதைத்தானே வாசிச்சே?"

பேரன் பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். என் மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாள் மாலை அவனே வந்து கூப்பிட்டான். "தாத்தா, கீழே வாங்க. ஒரு டெஸ்ட்." கம்ப்யூட்டரில் தாளமும் பின்னணியும் ஓடவிட்டான். "நான் அந்த மூணு லிக்கை மட்டும்தான் வாசிப்பேன். வேற எதுவும் கிடையாது. எது எப்ப வருதுன்னு நீங்க எண்ணுங்க." லிக் என்பது அந்தத் துண்டுக்கு ஜாஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர்.

பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். முதல் அரை நிமிடம் சரியாகக் குறித்தேன். பிறகு தடுமாறிவிட்டேன். ஒரு துண்டைத் தாளத்தின் முதல் தட்டில் தொடங்கினான். அடுத்த முறை அதையே அரைத் தட்டுத் தள்ளித் தொடங்கினான். வேறு பாட்டு போலக் கேட்டது. ஒன்றைப் பாதியில் வெட்டி இன்னொன்றின் வாலோடு ஒட்டினான். ஒன்றில் கடைசி ஸ்வரத்தை மட்டும் வாசிக்காமல் விட்டான். நான் அந்த ஸ்வரத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "தாத்தா, நேத்து நடுவுல ஒரே நோட்டை ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னேனே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் கை தட்டினது அதுக்குத்தான். அது என் லிக்ல கிடையாது. டிரம்மர் தாளத்தை விட்டுட்டான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றிலிருந்து அவனோடு உட்கார்ந்து கேட்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஜாஸில் ப்ளூஸ் வகைப் பாட்டுக்கு ஒரு சுற்று என்பது 12 பார். ஒரு பாருக்கு நான்கு தட்டு. ஆக ஒரு சுற்றுக்கு 48 தட்டு. வேகமான பாட்டில் நிமிடத்துக்கு 240 தட்டு ஓடும். 48 தட்டு முடிய எத்தனை விநாடி? கணக்கு வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார், நானே சொல்கிறேன்: 12 விநாடி. தட்டுக்கு இரண்டு ஸ்வரம் வாசித்தால் விநாடிக்கு எட்டு ஸ்வரம். அந்த 12 விநாடிக்குள் பின்னணியில் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள் பல தடவை மாறும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் யோசித்துப் புதிதாகக் கண்டுபிடித்து வாசிக்க எந்த மனிதனாலும் ஆகாது. கைவசம் சரக்கு இருந்தே ஆக வேண்டும்.

அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது? முன்னோர்களிடமிருந்துதான். மின்சாரக் கிட்டாரை ஜாஸில் தனித்து நிற்க வைத்தவர் சார்லி கிறிஸ்டியன். 1939-இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்தார். காசநோயால் 1942-இல் இறந்தபோது அவருக்கு வயது 25. பாட்டைப் பதிவு செய்யும்போது ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை வாசித்து, நல்லதைத் தேர்ந்து வெளியிடுவார்கள். ஒதுக்கிவைத்த பதிவுகளும் பின்னாளில் வெளியாகிவிட்டன. நம் கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பேரனும் நானும் அவற்றை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். பாட்டின் மெட்டு இரண்டிலும் ஒன்றுதான். கிட்டார் சோலோ ஒன்றல்ல. ஆனால் காதைத் தீட்டிக் கேட்டால், அவருக்குப் பிடித்த சில வளைவுகளும் சில முடிப்புகளும் இரண்டிலும் வருகின்றன, இடம் மாறி. செங்கல் அதே செங்கல்தான், எழுப்பிய சுவர் வேறு.

அடுத்து வெஸ் மான்ட்கோமரி. இண்டியானாபோலிஸ் நகரத்துக்காரர். கிட்டார் வாசிப்பவர்கள் இன்றும் இவர் பெயரை மரியாதையோடுதான் சொல்கிறார்கள். இசைக் குறியீடு படிக்கத் தெரியாது. சார்லி கிறிஸ்டியனின் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம் செய்துதான் கற்றார். கிளப்பில் அவருக்கு முதலில் கிடைத்த வேலையே கிறிஸ்டியனின் சோலோக்களை அப்படியே வாசிப்பதுதான். அதற்கு மேல் அன்று அவர் கையில் சரக்கு இல்லை. குடும்பம் பெரிது, பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப். இப்படிப் பல வருடம் ஓடியது. 1960 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். அதைக் கேட்டால் இவர் யாரையோ பார்த்து எழுதிய பையன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனப்பாடத்தில் தொடங்கியவர்தான், அங்கேயே நின்றுவிடவில்லை.

அவருடைய சோலோக்களில் பல முறை ஒரு ஒழுங்கு இருக்கும். முதலில் ஒற்றை ஒற்றை ஸ்வரமாக வாசிப்பார். பிறகு ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து வாசிப்பார். கடைசியில் முழு கார்டுகளாக வாசித்து உச்சத்துக்குப் போவார். அதாவது, கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டகம் இருப்பதுபோல இவரிடமும் ஒன்று தயாராக இருந்தது. உள்ளே என்ன வரும் என்பது அன்றைய இரவைப் பொறுத்தது.

தயாரிப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 1959 மே மாதம் ஜான் கோல்ட்ரேன் என்ற சாக்ஸபோன் மேதை 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். கார்டுகள் விழுந்தடித்துக்கொண்டு மாறும் பாட்டு, மின்னல் வேகம். கோல்ட்ரேன் அதை வீட்டில் நீண்ட நாள் உழைத்துத் தயார் செய்திருந்தார். பியானோ வாசித்த டாமி பிளனகன் பெரிய கலைஞர், ஆனால் அவருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ரெக்கார்டில் கோல்ட்ரேன் அருவி போலக் கொட்டுகிறார். பிளனகனின் முறை வந்ததும் தட்டுத் தடுமாறி, வரிகளை விட்டுவிட்டு வெறும் கார்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு கரை சேர்கிறார். இதே பிளனகன்தான் எட்டு மாதம் கழித்து, நான் மேலே சொன்ன வெஸ் ஆல்பத்தில் பியானோ. அங்கே எவ்வளவு அழகாக, நிதானமாக வாசிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஆள் அதே ஆள், திறமையும் அதே திறமை. கையில் சொல் தயாராக இருந்ததா என்பதுதான் வித்தியாசம். பல வருடம் கழித்து, 1982-இல், பிளனகன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டைத் தானே தலைமை தாங்கிப் பதிவு செய்தார். இந்த வைராக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது. அரியர் வைத்த பேப்பரை எழுதி முடித்த மாணவனைப் பார்த்த மாதிரி.

இன்னொருவர் கதை என்னை உலுக்கிவிட்டது. பிலடெல்பியாவின் பாட் மார்ட்டினோ. இளம் வயதிலேயே புகழ் பெற்ற கிட்டார் கலைஞர். மூளை ரத்தக் குழாயில் பிறவிக் கோளாறு, அதனால் ரத்தக் கசிவு. 1980-இல் அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தார், ஆனால் நினைவின் பெரும்பகுதி அழிந்துபோனது. கிட்டாரும் போயிற்று. பிறகு தன்னுடைய பழைய ரெக்கார்டுகளையே கேட்டுக் கேட்டு மறுபடியும் வாசிக்கக் கற்றார். தனக்குத் தானே மாணவர். 1987-இல் மீண்டும் நியூயார்க் மேடையேறி வாசித்தது ஆல்பமாகவும் வந்தது. அதன் பெயர் 'தி ரிட்டர்ன்'. விரல்கள் அவரிடம் இருந்தன. ஆனால் நினைவில் சேர்த்துவைத்த சொற்கள் போனதும் அந்த விரல்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. சொற்கள் திரும்பி வந்த பிறகுதான் புதிதாகப் பேச முடிந்தது.

விஞ்ஞானமும் இதைத் தொட்டிருக்கிறது. பிலடெல்பியாவிலேயே ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 32 ஜாஸ் கிட்டார் கலைஞர்களின் தலையில் கருவி பொருத்தி, அவர்கள் சோலோ வாசிக்கும்போது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். அனுபவம் குறைந்தவர்களிடம் படைப்பு வேலையை மூளையின் வலது பாதி அதிகம் சுமந்தது. அனுபவம் மிகுந்தவர்களிடம் இடது பாதி. நன்றாகப் பழகிப் பதிந்துபோனவை அங்கேதான் வேலை செய்கின்றன என்கிறார்கள். அதாவது தேர்ந்த கலைஞன் பழக்கத்தின் மேல் நின்றுதான் புதிதாகச் செய்கிறான்.

அப்படியானால் ஜாஸ் கிட்டார் சோலோவில் எவ்வளவு அப்போதே பிறப்பது? சதவீதம் கேட்காதீர்கள், போட முடியாது. ஆனால் பங்கு பிரித்துச் சொல்லலாம். ஸ்வரங்கள் ஏற்கெனவே இருப்பவை. துண்டுகளில் பெரும்பகுதி பயிற்சியில் சேர்ந்தவை. எந்தத் துண்டு எதற்குப் பின்னால் வரும், எந்தத் தட்டில் தொடங்கும், எங்கே நிறுத்தும், எங்கே மௌனம், பக்கத்தில் வாசிப்பவன் செய்ததற்கு என்ன பதில், இவையெல்லாம் அந்த நொடியில் பிறப்பவை. அதனால்தான் நல்ல கலைஞன் வாசிக்கும்போது தன் கையைவிட மற்றவர்களை அதிகம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

எல்லோரும் யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். நம் ஊரில் பழைய நகைச்சுவை ஒன்று உண்டே. பசுவைப் பற்றி மட்டும் கட்டுரை மனப்பாடம் செய்த பையன். தேர்வில் தென்னை மரம் பற்றிக் கேட்டுவிட்டார்கள். "எங்கள் வீட்டில் ஒரு தென்னை மரம் உண்டு. அதில் ஒரு பசுவைக் கட்டியிருக்கிறோம். பசுவுக்கு நான்கு கால்கள்..." என்று எழுதித் தள்ளினான். ஜாஸிலும் பசுவைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னணி என்ன செய்தாலும் தன் லிக்கை ஒப்பித்துவிட்டு இறங்குவார்கள். தெரிந்தே கட்ட வேண்டிய கட்டாயமும் உண்டு. 1942-இல் இலினாய் ஜாக்கே என்ற 19 வயதுப் பையன் 'ஃப்ளையிங் ஹோம்' பாட்டில் வாசித்த சாக்ஸபோன் சோலோ அவ்வளவு புகழ் பெற்றது. பிறகு ரசிகர்கள் அதை மாற்றவே விடவில்லை. அப்போதைக்கு உதித்த ஒன்று, எல்லோரும் அப்படியே திருப்பி வாசிக்கும் பாடமாகிவிட்டது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன், நம் பள்ளி ஆண்டு விழாவுக்காக நடந்த உடனடிப் பேச்சுப் போட்டி. சீட்டு எடுத்து, ஐந்து நிமிடத்தில் யோசித்து, மூன்று நிமிடம் பேச வேண்டும். நான் நடுவர்களில் ஒருவன். பிளஸ் ஒன் மாணவன் ஒருவனுக்கு 'நேரம்' என்ற தலைப்பு வந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு அம்மாவோடு தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்ததைச் சொல்லித் தொடங்கினான். "எங்க வீட்ல கடிகாரம் கிடையாது. ஒரு குடம் நிறையற நேரம்தான் எங்க அம்மாவுக்குக் கடிகாரம்" என்றான். அரங்கில் சத்தமே இல்லை.

அவன் முடித்ததும் நான் மைக்கை வாங்கினேன். அதே குழாயடிக் கதையை முந்தின வருடம் 'தண்ணீர்' என்ற தலைப்பில் அவன் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. "என்ன தம்பி, தென்னை மரத்துல பசுவைக் கட்டிட்டியா? இது உடனடிப் பேச்சா, மனப்பாடமா?" என்றேன். அரங்கம் சிரித்தது. மற்ற இரு நடுவர்களும் அவனுக்கு முதலிடம் போட்டிருந்தார்கள். நான் போட்ட மதிப்பெண்ணில் அவனுக்குப் பரிசே இல்லாமல் போயிற்று. பிளஸ் டூ முடியும்வரை அவன் மறுபடி மேடையேறவில்லை. அதையும் அன்று நான் பெரிதாக நினைக்கவில்லை. நேர்மையைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன்.

பேரன் கீழ்த்தளத்தில் அந்த மூன்று துண்டுகளை வாசித்துக் காட்டிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முந்தின வருடம் அவன் குழாயடியைச் சொன்னது தாகத்தைப் பற்றிப் பேச. குடம் நிறையும் நேரமே கடிகாரம் என்ற வாக்கியம் அப்போது இல்லை. அது அந்த ஐந்து நிமிடத்தில், அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு பிறந்தது. தன் வாழ்க்கையிலிருந்து கைவசம் இருந்த ஒரே துண்டை எடுத்து, வேறு தட்டில் தொடங்கி, வேறு இடத்தில் முடித்தான். பசுவை மரத்தில் கட்டியது அவன் இல்லை. எதைப் பார்த்தாலும் மனப்பாடம் என்று சொல்லும் என் பழக்கம்தான் அன்று என் பசு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் நடத்த நான் சொல்லும் பூனை எலிக் கதையை அண்ணனும் கேட்டிருப்பீர்கள், அதே வீட்டுத் தம்பியும் கேட்டிருப்பீர்கள். முப்பது வருடம் ஒரே கதை. ஆனால் யார் தூங்குகிறார்கள், யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்த்துத்தான் பூனையை எப்போது பாய விடுவது என்று முடிவு செய்வேன். எனக்கு மட்டும் அது திறமை, அந்தப் பையனுக்கு அது குற்றம் என்று எப்படித் தீர்ப்பு எழுதினேன்?

பெயர் போடவில்லை. இதைப் படித்தால் அவருக்கே தெரியும். உங்களில் சிலர் அன்று அந்த அரங்கில் இருந்தீர்கள், சிரித்தும் இருப்பீர்கள். அது உங்கள் தப்பில்லை, சிரிக்க வைத்தது நான். அவரோடு தொடர்பில் இருப்பவர்கள் இந்தப் பதிவை அவருக்குக் காட்டுங்கள். தம்பி, அன்று முதல் பரிசு உன்னுடையது. எல்லோர் முன்னாலும் சொன்னேன், அதனால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். என் போன் நம்பர் மாறவில்லை.

பேரனிடமும் கேட்டுவிட்டேன். "பரவாயில்ல தாத்தா, நாலாவது லிக் கத்துக்கிட்டு இருக்கேன், கேக்குறீங்களா?" என்றான். நான் ஊர் திரும்பும் நாள்வரை அதைத்தான் கேட்டேன். இந்த முறை எண்ணவில்லை.

அன்புடன்,
உங்கள் ஆங்கில வாத்தியார்